கேள்வி பதில்: அந்தக் கேசட்டில் கேட்ட பாட்டு

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதி பழைய பாட்டைப் பற்றித்தான். யாரோ ஆரம்பித்து வைத்துவிட்டீர்கள், சரி, நடக்கட்டும்.

கேள்வி: தோட்டத்தில் இருந்த காலத்தில், பதினாறு பதினேழு வயதில் கேட்டுக் கேட்டு மனப்பாடமான பாட்டுகளை இப்போது போனில் தேடிப் பிடித்துக் கேட்கிறேன். பாட்டு அதேதான், ஆனாலும் என்னவோ குறைகிறது. பாட்டை மாற்றிவிட்டார்களா, இல்லை என் காதுக்கு வயதாகிவிட்டதா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: அண்ணே, காதுக்கும் வயதாகியிருக்கும்தான். வயது ஏற ஏறக் கீச்சென்ற மேல் ஒலிகள்தான் முதலில் போகும். ஆனால் அந்த ஒலியெல்லாம் நம் கேசட்டில் எந்தக் காலத்தில் ஒழுங்காக இருந்தது? நீங்கள் பாட்டோடு சேர்த்து அந்தக் கேசட்டையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறீர்கள், கோளாறு அங்கேதான்.

1992-இல் ‘ரோஜா’ வந்து ஏ.ஆர். ரஹ்மான் என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டபோது எனக்குப் பதினைந்து வயது. அசல் கேசட் வாங்கக் காசு ஏது? டவுனில் ஒரு கடையில் வெறும் கேசட்டைக் கொடுத்தால் பதிந்து தருவார்கள். அறுபது நிமிடக் கேசட், பக்கத்துக்கு முப்பது, பக்கத்துக்கு ஒரு படம், இது கடைக்காரர் கணக்கு. முப்பதைத் தாண்டினால் தாண்டியது போச்சு. என்னிடம் இருந்த ஒரு கேசட்டில் கடைசிப் பாட்டு இரண்டாவது சரணத்தின் நடுவில் நின்றுவிடும், பொத்தான் தானாக ‘டக்’கென்று மேலே எழும்பும். இன்றைக்கும் அந்த இடம் வந்தால் என் காது ‘டக்’கைத்தான் எதிர்பார்க்கிறது. பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது, எனக்கு யார் வீட்டுப் பாட்டையோ கேட்பது போல இருக்கிறது.

அப்புறம் வேகம். கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும், மலிவு ரேடியோக்கள் அதைப் பெரிதாக மதிப்பதில்லை. மூன்று விழுக்காடு வேகமாக ஓடினாலே சுருதி கால் கட்டை ஏறிவிடும், பேட்டரி இறங்கினால் அதே மாதிரி இறங்கும். எங்கள் தோட்டத்து லயன் வீட்டில் ராத்திரி ஜெனரேட்டரை நிறுத்திய பிறகு பேட்டரியில்தான் கேட்போம், அதனால் எனக்குத் தெரிந்த எஸ்.பி.பி. கொஞ்சம் தூக்கக் கலக்கத்தோடுதான் பாடுவார். போனில் வருகிறவர் நன்றாக முழித்துக்கொண்டு பாடுகிறார், ஒட்டவே மாட்டேன் என்கிறது.

ரேடியோவிலிருந்து பதிந்தவர்கள் கதை இன்னும் மோசம். மலேசியாவின் தமிழ் வானொலி, இப்போதைய மின்னல் எஃப்எம், அப்போது வானொலி ஆறு. முன்னிசை ஓடும்போதே அறிவிப்பாளர் எந்தத் தோட்டம், யார் யார் விரும்பிக் கேட்டது என்று பெயர்களை வாசித்துக்கொண்டு போவார். என் அக்கா இன்றும் ஒரு பாட்டை முணுமுணுக்கும்போது முன்னிசைக்குப் பதிலாக அந்தப் பெயர் வரிசையைத்தான் சொல்வார். அதை எந்தப் போனில் தேடுவது? பழைய கேசட் ஏதாவது கிடந்தால் தேடி எடுங்கள் அண்ணே, வேறு வழி இல்லை.

கேள்வி: அப்பா விட்டுப்போன கேசட்டுகள் ஒரு மைலோ டின் நிறைய இருக்கின்றன. இருபது வருடமாக யாரும் தொடவில்லை. போட்டால் ஓடுமா?
– வாசகி, பீடோர்

பதில்: ஓடும், அவசரப்படாமல் இருந்தால். முதலில் கேசட்டின் ஜன்னல் வழியாக வெளிச்சத்தில் பாருங்கள்மா. நாடாச் சுருளில் வெள்ளையாகப் பூசணம் படிந்திருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள், ஒன்றைப் போட்டால் ரேடியோவில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு மற்றதுக்கும் பரவும். நல்லதாகத் தெரிவதைப் பென்சில் செருகி இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள், இறுக்கமாக இருந்தால் பலவந்தம் வேண்டாம். கீழ் விளிம்பில் நாடாவுக்குப் பின்னால் கடுகு மாதிரி ஒரு பஞ்சுத் துண்டு இருக்கும், பசை காய்ந்து அது விழுந்திருந்தால் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். திருகு வைத்த கேசட் என்றால் திறந்து, வேறொரு உதவாத கேசட்டின் பஞ்சை எடுத்து வைத்துவிடலாம்.

ரேடியோவும் அதே வயதுதான் என்றால் உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் இளகிக் கறுப்புப் பசையாகியிருக்கும். ரப்பரைப் பற்றி நம் ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழுது பார்க்கிறவரிடம் கொடுத்துப் புதிது போடச் சொல்லுங்கள். பிறகு ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயரைக் கணினிக்குக் கொடுத்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதியலாம். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், குறுக்கு வழி கிடையாது. அதற்கு முன்னால் கேசட்டின் பின்விளிம்பில் இரண்டு ஓரத்திலும் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிடுங்கள், யாராவது தெரியாமல் சிவப்புப் பொத்தானை அமுக்கினாலும் அழியாது. நடுவில் அப்பா இருமுவது பதிவாகியிருந்தால் அதை வெட்டிவிடாதீர்கள்.

கேள்வி: ‘மடை திறந்து’ யோகி பி பாட்டு என்கிறான் என் அக்கா மகன். இளையராஜா பாட்டு என்கிறேன் நான். ஒரு தே தாரிக் (இழுத்து ஆற்றிய டீ) பந்தயம்.
– வாசகர், பகாவ்

பதில்: 1980-இல் வந்த ‘நிழல்கள்’ படப் பாட்டு, இசை இளையராஜா, பாடியது எஸ்.பி.பி. நம்மூர் யோகி பி - நட்சத்திரா கூட்டணி அதில் ராப் சேர்த்து 2006-இல் ‘வல்லவன்’ தொகுப்பில் போட்டார்கள். பந்தயத்தில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள். ஆனால் 2006-இல் தம்பிக்கு என்ன வயது என்று கேளுங்கள், பதினைந்து பதினாறு என்று சொன்னால் தே தாரிக் காசை நீங்களே கொடுத்துவிடுங்கள்.