நடுராத்திரியில் கதவு தட்டினால்

அன்புள்ள அக்காவுக்கு,

நீலகிரியில் பந்தலூர் பக்கம், எஸ்டேட் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் லைன் வீட்டில் இருக்கிறோம். போன வாரம் நடுராத்திரியில் பக்கத்து வீட்டுப் பெண், கணவன் அடித்து முகம் வீங்கி, இரண்டு பிள்ளைகளோடு வந்து கதவைத் தட்டினாள். பெரியவனுக்குப் பத்து வயது. விடியும்வரை வைத்திருந்தேன். காலையில் திரும்பிப் போய்விட்டாள். "வீடு அவர் பேரில் கொடுத்தது, நான் எங்கே போவது?" என்கிறாள். அடுத்தவர் குடும்பத்தில் தலையிட்டால் நம் மேல்தான் கேஸ் வரும் என்கிறார் என் வீட்டுக்காரர். நான் என்ன செய்ய?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கதவைத் திறந்தீர்களே, அதற்கு நன்றி. கடைசி பஸ் போன பிறகு, யானை நடமாடும் ரோட்டில் பிள்ளைகளோடு அவள் எங்கே போவாள்? அந்த நேரத்தில் ஊட்டியில் பெண்களுக்கான இல்லம் எத்தனை இருந்தும் அவளுக்குப் பயனில்லை. உங்கள் வீடுதான் எட்டும்.

உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவுப்படி, இப்படி நடக்கிறது என்று தெரிந்த யாரும், இதற்கென்று அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் எந்த வழக்கும் வராது.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பக்கம் பல குடும்பங்கள் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவை. தாய்வீடு என்றால் அதுவும் இன்னொரு லைன் வீடுதான். அதனால் அவள் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. வீடு யார் பேரில் இருந்தாலும், கணவனோடு வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து இருக்க அவளுக்கு உரிமை உண்டு என்கிறது அதே சட்டம். அவனை வெளியேறச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். வேலை போய் வீடும் போகும் என்ற பயம் இருந்தால், அதே தரத்தில் வேறு வீடோ அதற்கான வாடகையோ அவன் தர வேண்டும் என்றும் கேட்கலாம். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழு, வருமானம் பார்க்காமல் பெண்களுக்கு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கும்.

அங்கே இருக்கவே முடியாது என்றால் பெண்கள் உதவி எண் 181-க்கு அழைக்கலாம், இரவிலும் எடுப்பார்கள். வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக அரசு நடத்தும் சகி மையத்தில் ஐந்து நாள் வரை தங்கலாம். அதற்கு மேல் காப்பகம். போலீசில் புகார் கொடுக்காமலும் காப்பகத்தில் சேரலாம். அவள் விரும்பாவிட்டால், அங்கே இருக்கிறாள் என்று கணவனுக்குச் சொல்லக்கூடாது என்பது விதி.

ஒன்று எனக்கு மனசு ஆறவில்லை. சகி மையத்தில் அம்மாவோடு தங்க ஆண் பிள்ளைக்கு மட்டும் வயது வரம்பு உண்டு. அவள் மகனுக்குப் பத்து; அவனுக்கு இடம் இல்லை என்று சொல்லிவிட்டால்? எந்த அம்மா அவனை மட்டும் அந்த வீட்டில் விட்டுவிட்டு வருவாள்? இந்த விதியை மாற்றியே ஆக வேண்டும். அதுவரைக்கும், பையன் வயதை முதலிலேயே சொல்லி, அவனுக்கும் சேர்த்து என்ன ஏற்பாடு என்று 181-லேயே கேளுங்கள்.

அப்புறம், அவளுடைய ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் பாஸ்புக், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றின் நகலும் ஒரு பையில் உங்கள் வீட்டில் இருக்கட்டும். திரும்பிப் போனதற்காக அவளைத் திட்டாதீர்கள். 181 என்ற எண்ணை அவள் போனில் பதிய வேண்டாம், அவன் பார்ப்பான். மூன்று இலக்கம்தானே, பெரியவனுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா