நுங்கு வண்டி வளைவில் ஏன் இழுக்கிறது?

கேள்வி: பையனுக்கு 9 வயது. லீவு விட்டதிலிருந்து போனும் கையுமாகத்தான் இருக்கிறான். எஞ்சினியரிங் விளையாட்டுப் பெட்டி ஒன்று ஆன்லைனில் 3,000 ரூபாய்க்குப் பார்த்தேன். வாங்கலாமா?
– வாசகி, காவேரிப்பட்டினம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். எந்த ஓட்டையில் எந்த ஆணி என்று படம் போட்டே கொடுத்துவிடுவார்கள், பையன் அதைப் பார்த்து மாட்டி முடிப்பான், மறுநாள் அது கட்டிலுக்கு அடியில் போய்விடும் (எங்கள் வீட்டில் ஒன்று இன்னும் அங்கேதான் கிடக்கிறது). நுங்கு சீசன்தானே இது. நுங்கைத் தின்றுவிட்டுத் தூக்கிப்போடும் காய் இரண்டு, அவற்றைக் கோக்க ஒரு சாண் குச்சி, பின்னாலிருந்து தள்ள நீளமாக ஒரு கவைக்குச்சி, நுங்கு வண்டி தயார். நீங்களும் சின்ன வயதில் ஓட்டியிருப்பீர்கள்.

ஓட்டியதோடு நாம் விட்டுவிட்டோம், அவனை விடாதீர்கள். நேராகப் போகும்போது ஜோராக ஓடுகிற வண்டி, தெருமுனையில் திருப்பினால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு தேய்கிறதே, ஏன் என்று கேளுங்கள். பதிலைச் சொல்லிவிடாதீர்கள், ஒரு நாள் ஆனாலும் பரவாயில்லை. விஷயம் இதுதான்: இரண்டு காயும் ஒரே குச்சியில் இறுகிக் கிடப்பதால் இரண்டும் ஒரே அளவுதான் சுற்ற முடியும், ஆனால் வளைவில் வெளிப்பக்கத்துக் காய்க்கு உள்பக்கத்தைவிட அதிக தூரம், அதனால் ஏதாவது ஒன்று சறுக்கியே ஆக வேண்டும். மாட்டு வண்டியில் இந்தத் தொல்லை கிடையாது, அங்கே அச்சு சும்மா நிற்கும், சக்கரங்கள்தான் தனித்தனியாகச் சுற்றும். ஒரு காயின் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, கழன்று விழாமல் குச்சி நுனியில் ஒரு முள்ளைக் குத்திவிட்டால் உங்கள் வண்டியும் அழகாகத் திரும்பும். ரயில் சக்கரம் நுங்கு வண்டி ஜாதி, இரண்டும் அச்சோடு சேர்ந்தேதான் சுற்றும். அது எப்படி வளைகிறது என்று அடுத்துக் கேட்பான். சக்கரத்தில் தண்டவாளத்தின் மேல் உட்காரும் பரப்பு ஒரு பக்கம் பருத்து, மறுபக்கம் சிறுத்து லேசாகச் சரிந்திருக்கும், வளைவில் வெளிச்சக்கரம் தன் பருத்த பாகத்தில் உருண்டு கூடுதல் தூரத்தைச் சமாளித்துவிடும்.

அப்புறம், கவையில் குச்சி உரசும் இடத்தில் இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மழை பெய்தால் எங்கள் பிள்ளைகள் கொல்லை வாய்க்காலில் மண் அணை கட்டுகிறார்கள். பத்து நிமிடத்தில் உடைந்துவிடுகிறது, ஒரே அழுகை. சரியாகக் கட்டுவது எப்படி?
– வாசகர், பென்னாகரம்

பதில்: எங்கே உடைந்தது என்று பார்த்தீர்களா? அதைச் சொல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். மேலே வழிந்து உடைந்தால் ஒரு காரணம், அடியில் கசிந்து உடைந்தால் வேறு காரணம். அடியில் கசிந்தால் மண் சரியில்லை, மணல் கலந்திருக்கும். நடுவில் ஏரிக் களிமண்ணைப் பிசைந்து திணித்து, இரண்டு பக்கமும் செம்மண்ணை மிதித்து ஏற்ற வேண்டும், அடி அகலமாகவும் தலை குறுகலாகவும். சுவர் மாதிரி செங்குத்தாகக் கட்டுவதுதான் எல்லாப் பிள்ளைகளும் செய்கிற தப்பு. அடியில் போகப் போகத் தண்ணீரின் தள்ளல் அதிகம்.

மேலே வழிந்தால், தண்ணீருக்குப் போக்கு விடவில்லை என்று அர்த்தம். மண் கரை மேல் வழிகிற தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டே போகும், விரல் அகல வழி கொஞ்ச நேரத்தில் முழம் ஆகிவிடும். 'ஏரி கோடி போகுது' என்று நம் பக்கம் சொல்கிறோமே, அந்தக் கோடிதான், அதாவது மிச்சத் தண்ணீர் வழிந்து போக விடும் வழிதான், இதற்கு மருந்து. ஓரத்தில், கரையைவிட நாலு விரல் தாழ்வாக, தட்டைக் கல் பதித்து ஒரு வழி விடச் சொல்லுங்கள். பாரூர் ஏரிப் பக்கம் போனால் பெரிய கோடியையே காட்டிவிடலாம். கிருஷ்ணகிரி அணையில் இந்த வேலையை ஷட்டர்கள் செய்கின்றன, முழு மட்டம் 52 அடி, அதை நெருங்கும்போது திறந்து விடுவார்கள். அழுகைக்கு என்னிடம் வழியில்லை.

கேள்வி: நாலு குச்சி நட்டுப் பந்தல் போட்டோம், ஒரு பக்கமாகவே சாய்கிறது.
– 6ஆம் வகுப்பு மாணவி, பாலக்கோடு

பதில்: மூன்று குச்சியை முக்கோணமாகக் கட்டி அமுக்கிப் பாரம்மா, அப்புறம் நாலைச் சதுரமாகக் கட்டி அமுக்கு. சதுரம் சாயும், முக்கோணம் சாயாது. உன் பந்தல் கால்களுக்கு நடுவே மூலைக்கு மூலை ஒரு குச்சி கட்டு. வாழை நாரை நனைத்துக் கட்டு, காய்ந்த நார் முறிந்துவிடும்.

கேள்வி: வெளியில் விடவே பயமாக இருக்கிறது. எதற்கெல்லாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?
– வாசகி, ஊத்தங்கரை

பதில்: அரளிக் குச்சியை வாயில் வைக்கக் கூடாது, எருக்கம்பாலும் கள்ளிப்பாலும் கண்ணில் படக் கூடாது, பார்த்தீனியம் இருக்கும் இடத்தில் உட்கார வேண்டாம். நம் ஊர்க் கல்லுக்கு அடியில் தேள் இல்லாமல் இருக்குமா, முதலில் குச்சியால் புரட்டிவிட்டு அப்புறம் கையால் எடுக்கட்டும். இதையெல்லாம்விட எனக்குப் பயம் கல்குவாரிக் குட்டைதான். பார்க்க அமைதியாக இருக்கும், ஓரத்திலேயே ஆள் மூழ்கும் ஆழம் இருக்கும். பக்கத்திலேயே விடாதீர்கள். ஒகேனக்கல் பரிசல் மாதிரி ஈர்க்குச்சியில் பின்னி, வாழை இலையைச் சுற்றி, எத்தனை கூழாங்கல் தாங்குகிறது என்று எண்ணிப் பார்க்க வாசலில் இருக்கும் அண்டாத் தண்ணீர் போதும்.