வெள்ளை மாத்திரை ஏன் மஞ்சளானது? அரசு மருத்துவம் பற்றிக் கேள்வி பதில்

போன ஞாயிறு சேலம் அம்மாபேட்டையில் நண்பர்கள் கூடியபோது, "31 வருடம் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த மனுஷன், கேட்க வேண்டியதைக் கேளுங்கள்" என்று என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். அரசு வைத்தியத்தில் என்ன குறை, அந்தக் குறை ஏன் வருகிறது என்றுதான் பேச்சு போனது. வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

அம்மாபேட்டை நெசவாளர்: ஐயா, அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை ஜி.ஹெச்.சில்தான் வாங்குகிறோம். போன மாதம் வெள்ளை, இந்த மாதம் மஞ்சள். மட்டமான சரக்கைத் தள்ளிவிடுகிறார்களா?

என் ஜன்னலில் அதிகம் கேட்ட கேள்வியே இதுதான். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்று 1994-ல் தொடங்கினார்கள். மாநிலம் முழுக்க வேண்டிய மருந்தை அதுதான் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குகிறது. கம்பெனிப் பெயர் கிடையாது, மருந்தின் பெயர்தான். வந்த சரக்கு மாவட்டக் கிடங்கில் நிற்கும். மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, தேறினால்தான் ஆஸ்பத்திரிக்கு வரும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்கில் இருப்பதுபோல ஒரு பாஸ்புக் உண்டு. ஒதுக்கிய தொகைக்கு மருந்து எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஆள் ஊருக்கே வாங்குவதால் விலை அடிமட்டத்துக்கு வரும். இந்த ஏற்பாட்டைப் பல மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போயின.

அதற்கு நாம் கொடுக்கிற விலைதான் அந்த நிற மாற்றம். இந்தத் தடவை டெண்டர் வேறு கம்பெனிக்குப் போயிருக்கும், உள்ளே இருப்பது அதே மருந்துதான். ஆனால் எழுத்துத் தெரியாத பாட்டிக்கு மாத்திரை என்றால் நிறம்தானே? ஒரு பாட்டி மீதமிருந்த வெள்ளையையும் புது மஞ்சளையும் சேர்த்துப் போட்டு, சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடந்ததை நானே பார்த்தேன். அதனால் பழைய அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த முறை கொண்டுபோய், "ரெண்டும் ஒண்ணா?" என்று கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. டெண்டர் எடுத்த கம்பெனி சரக்கு அனுப்பத் தாமதித்தால் பல மாவட்டங்களில் ஒரே நேரத்தில் தட்டுப்பாடு வரும். வெளியே வாங்கிக்கொள்ள ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் பணம் உண்டு, ஆனால் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

சிவதாபுரம் கொலுசுப் பட்டறைத் தொழிலாளி: சீட்டு இலவசம், மருந்து இலவசம். ஆனா போனா அன்னைக்குக் கூலி போச்சுங்க.

தம்பி, நான் ஒரு மணி நேரம் பேச வேண்டியதை ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். அங்கே காசு வாங்குவதில்லை, ஒரு நாளையே வாங்கிக்கொள்கிறார்கள். ஓ.பி. சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டருக்கு ஒன்று, ரத்தப் பரிசோதனைக்கு ஒன்று, ரிசல்ட்டுக்கு மறுபடி, கடைசியில் என் ஜன்னல். மாதச் சம்பளக்காரருக்கு அது அரை நாள் லீவு. உங்களுக்குக் கூலி. துணைக்கு வந்தவர் கூலியும் போகும், சாப்பாடு, பஸ் வேறு.

இதைக் கணக்குப் பார்த்தால் பக்கத்துக் கிளினிக்கில் ஃபீஸ் கொடுப்பதே மிச்சம் என்று உங்களுக்குத் தோன்றும். காய்ச்சல், சளிக்கு அது சரியாகக்கூட இருக்கலாம். மாதாமாதம் மருந்து சாப்பிட வேண்டிய நோய்க்குக் கட்டாது. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வருகிறார்களே, அது இந்த வரிசையைக் குறைக்கத்தான். உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஏற்காடு, காபித் தோட்டத் தொழிலாளி: எங்க ஆஸ்பத்திரியில டாக்டர் நிலைக்கிறதே இல்லையே சார். ஸ்கேனுன்னா கீழே போகணும்.

அரசு மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் 50 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. மலையிலும் எட்டாத ஊர்களிலும் வேலை பார்த்தால் ஊக்க மதிப்பெண்ணும் உண்டு. அதனால்தான் இளம் டாக்டர்கள் சேர்வராயன் மலைக்கு வருகிறார்கள். இடம் கிடைத்ததும் அதே காரணத்துக்காகப் போயும் விடுகிறார்கள். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் வருவதே சந்தேகம். தனியார் அங்கே பெரிய ஆஸ்பத்திரி கட்ட மாட்டார், அத்தனை நோயாளி கிடையாது.

ஸ்கேனும் அப்படித்தான். மெஷினை வாங்கிவிடலாம், அதை இயக்கவும் படம் பார்த்துச் சொல்லவும் ஆள் வேண்டும். அதனால் பெரியதெல்லாம் கீழே சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்தான். கணக்கில் இது சிக்கனம். ராத்திரியில் 20 கொண்டை ஊசி வளைவு இறங்குபவருக்கு இது கணக்கே இல்லை. வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். நாள் நெருங்கும்போதே கிராம செவிலியரிடம் சொல்லி முன்கூட்டிப் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை மளிகை வியாபாரி: பேசாம எல்லாருக்கும் காப்பீட்டு அட்டையைக் கொடுத்துத் தனியாருக்கே அனுப்பிடலாமே?

பாதி அப்படித்தான் நடக்கிறது, அண்ணாச்சி. முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆனால் அது பட்டியலில் இருக்கிற ஆபரேஷனுக்கும் பெரிய சிகிச்சைக்கும்தான். ஓ.பி.க்கும் மாதாந்திர மாத்திரைக்கும் செல்லாது. நாம் ஆஸ்பத்திரிக்கு அதிகம் போவது அதற்குத்தானே? தவிர, ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று தொகையை முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள். லாபம் வருகிற கேஸைத் தனியார் ஆசையாக எடுப்பார். சிக்கலான கேஸ் கடைசியில் ஜி.ஹெச். வாசலுக்கே வரும். ஒன்று நியாயமாகச் சொல்ல வேண்டும்: அரசு ஆஸ்பத்திரியும் இதே அட்டையில் சிகிச்சை செய்து பணம் பெறலாம். அந்தப் பணத்தில் கருவிகள் வாங்கிய இடங்கள் உண்டு.

அஸ்தம்பட்டி, ஓய்வு பெற்ற ஆசிரியை: என் மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். அங்கேயும் இலவசம்தான், ஆனால் காத்திருந்தே சலித்துவிட்டது என்கிறாள். பணக்கார நாட்டிலுமா?

பணம் இருந்தாலும் வரிசை இருக்கும், டீச்சர். அவர்களுடைய தேசிய சுகாதார சேவை 1948-ல் வந்தது. எல்லாம் இலவசம் என்று தொடங்கி, மூன்றே வருடத்தில் பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் என்றார்கள். அதை உருவாக்கிய அமைச்சர் அனூரின் பெவன் அதை எதிர்த்து 1951-ல் பதவியை விட்டார். அங்கே நேராக ஸ்பெஷலிஸ்ட்டிடம் போக முடியாது, குடும்ப டாக்டர் எழுதித் தர வேண்டும். அவசரமில்லாத சிகிச்சைக்கு 92 சதவீதம் பேருக்கு 18 வாரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பது இங்கிலாந்தில் இலக்கு. 2016-க்குப் பிறகு அதை எட்டவில்லை.

ஆனால் அந்த 18 வாரக் கணக்கை அவர்கள் மாதாமாதம் வெளியிடுகிறார்கள், அதை வைத்து எதிர்க்கட்சி சண்டை போடுகிறது. நம் ஊரில் முழங்கால் ஆபரேஷனுக்கு எத்தனை வாரம் என்று கேட்டால் "வந்து பாருங்க" என்பார்கள். எனக்கு அதுதான் பெரிய குறையாகத் தெரிகிறது.

ஒரு கல்லூரி மாணவர்: காலையில் ஜி.ஹெச்.சில் பார்க்கிற டாக்டரே சாயங்காலம் சொந்தக் கிளினிக்கில் பார்க்கிறார். சரியா?

பணி நேரம் முடிந்தபின் பார்க்க இங்கே தடையில்லை. தடுத்தால் நல்ல கை உள்ள சர்ஜன் பலர் வேலையை விட்டுப் போய்விடுவார்கள். அனுமதித்தால் "சாயங்காலம் வாங்களேன்" என்ற பேச்சு வரும். எல்லாரும் அப்படியில்லை, ஆனால் அந்தப் பேச்சை என் காதால் கேட்டிருக்கிறேன்.

குகைப் பகுதி, ஒரு அம்மா: பிள்ளை பிறந்ததைச் சொல்லக் காசு, ஸ்ட்ரெச்சர் தள்ளக் காசு. அதைச் சொல்லலையே?

சொல்ல வெட்கம், அதுதான் காரணம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஆண் பிள்ளைக்கு ஒரு ரேட், பெண் பிள்ளைக்கு ஒரு ரேட் இருந்தது. ஒப்பந்த ஆளுக்குச் சம்பளம் சொற்பம் என்று நாங்கள் சமாதானம் சொல்லிக்கொண்டோம். கொடுத்ததோ அவரைவிட இல்லாதவர்.

மறுபடியும் அந்த மாணவர்: சார், உங்களுக்கு முடியாமல் போனால் எங்கே போவீர்கள்?

மாட்டிவிட்டாய், தம்பி. மனைவிக்குக் கண் புரை ஆபரேஷன் அரசு ஆஸ்பத்திரியில்தான் செய்தோம், நன்றாக இருக்கிறது. எனக்குக் குடலிறக்கம் வந்தபோது தனியாருக்குப் போனேன். ஓய்வூதியர்களுக்கு அரசே எடுத்துத் தரும் காப்பீடு இருக்கிறது, பெரும்பகுதி அதில் கழிந்தது. கலெக்டர் ஆபீஸ்காரருக்கும் வாத்தியாருக்கும் இதே மாதிரிதான். சத்தம் போட்டுக் கேட்கத் தெரிந்த நாங்கள் யாரும் அந்த வரிசையில் நிற்பதில்லை.