மாமா சொன்ன கோர்ஸும் மகள் காட்டிய நோட்டும்

போன வாரம் ஓர் அப்பா, அம்மா, பள்ளிப் படிப்பை முடித்த அவர்கள் மகள், மூவரும் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். அப்பா கையில் ஒரு தனியார் கல்லூரியின் வழவழ கையேடு இருந்தது. செயற்கை நுண்ணறிவு என்று பெயர் போட்ட நான்கு வருடப் படிப்பு, கட்டணத்துக்கு வீட்டை அடமானம் வைக்கவும் தயார் என்றார். பெண்ணின் மாமா விசாரித்துவிட்டாராம், இனிமேல் இதுதான், மற்றதெல்லாம் வேஸ்ட் என்று சொல்லிவிட்டாராம். அம்மாவுக்கு வேறு கவலை. "பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒரே புரோகிராமைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறாள் சார். புதிதாக எதுவும் செய்வதில்லை. பயமாக இருக்கிறது."

பயப்படாதீர்கள் என்று முதல் ஐந்து நிமிடம் நானும் சொன்னேன். அப்புறம் பெண்ணிடம், என்னம்மா ஓட்டுகிறாய் என்று கேட்டேன். அவள் நோட்டைத் திறந்து காட்டினாள். அதோடு சமாதானம் சொல்வதை விட்டுவிட்டேன்.

நோட்டில் இருந்தது இதுதான். 10,000 வரிசை, 10,000 நெடுவரிசை கொண்ட ஓர் எண் அட்டவணை, சி மொழியில் அதைக் கூட்டும் சின்ன புரோகிராம். வரிசை வரிசையாகக் கூட்டினால் ஒரு நேரம். நெடுவரிசையாக மேலிருந்து கீழே கூட்டினால் பல மடங்கு நேரம். இரண்டிலும் அதே பத்துக் கோடி எண்கள், அதே விடை. அப்புறம் ஏன் ஒன்று இழுக்கிறது என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, புரோகிராமின் நேரம் எங்கே போகிறது என்று அளக்க லினக்ஸில் இருக்கும் பெர்ஃப் என்ற கருவியைத் தானே தேடிப் பிடித்து, மொத்த எண்ணிக்கைகளைக் காட்டும் பெர்ஃப் ஸ்டாட் கட்டளையை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். கட்டளைகளின் எண்ணிக்கை இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே, எல்-1 கேஷ் மிஸ், அதாவது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான மெமரியில் தேடிய எண் கிடைக்காமல் போவது, மட்டும் எகிறிக் கிடந்தது. பக்கத்தில் பென்சிலால் "64 பைட், 16 எண்" என்று எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருந்தாள்.

அப்பாவிடம் சொன்னேன்: அந்த அடிக்கோட்டில் எல்லாம் இருக்கிறது சார். பிராசஸர் மெமரியிலிருந்து எண்களை ஒவ்வொன்றாக எடுப்பதில்லை, நம் லேப்டாப்களில் இருப்பது போன்றவற்றில் பெரும்பாலும் 64 பைட்டை ஒரே தூக்காகத் தூக்கிவருகிறது, நான்கு பைட் எண் என்றால் அதில் 16 இருக்கும். வரிசையாகப் போனால் பதினாறும் உபயோகமாகிறது. நெடுவரிசையில் போனால் ஒன்றைத் தொட்டுவிட்டு அடுத்த 64 பைட்டுக்கு ஓட வேண்டும், திரும்பி வருவதற்குள் பழையது எல்-1 கேஷை விட்டுப் போயிருக்கும். எல்-1 கேஷில் இருந்தால் நான்கைந்து சைக்கிளில் (பிராசஸரின் கடிகாரத் துடிப்பில்) கைக்கு வரும் எண், மெயின் மெமரி வரை போய் வந்தால் நூறு, இருநூறு சைக்கிளைத் தின்றுவிடும். பள்ளி முடித்த பெண் இதை யாரும் சொல்லித்தராமல் அளந்து கண்டுபிடித்திருக்கிறாள், நீங்கள் பயமாக இருக்கிறது என்கிறீர்கள்.

இதற்கென்றே ஒரு வேலை இருக்கிறது. பெர்ஃபார்மன்ஸ் இன்ஜினியரிங் என்பார்கள், புரோகிராம் ஏன் இழுக்கிறது என்று அளந்து வேகப்படுத்தும் வேலை. மற்ற படிப்புகளைப் பற்றி உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிராசஸருக்கு உள்ளேயே சில கவுண்டர்கள் உண்டு. எத்தனை சைக்கிள் ஓடியது, எத்தனை கட்டளை முடிந்தது, கேஷில் எத்தனை தடவை கிடைக்காமல் போனது, இஃப் கட்டளை எந்தப் பக்கம் போகும் என்று பிராசஸர் முன்கூட்டி ஊகித்தது எத்தனை தடவை தப்பானது என்று அவை எண்ணிக்கொண்டே இருக்கும். 1993-இல் வந்த பென்டியத்திலேயே இப்படி இரண்டு இருந்தன. 2009-இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே பெர்ஃப் வந்த பிறகு எந்த மாணவரும் ஒரு கட்டளையில் அவற்றைப் படிக்கலாம். படித்த எண்ணை நம்பலாமா என்று தெரிந்துகொள்வதுதான் கஷ்டம். கவுண்டர்கள் கொஞ்சம்தான். அதிகமாகக் கேட்டால் கெர்னல் முறை வைத்து மாற்றி மாற்றி எண்ணி, மீதியைக் கணக்குப் போட்டு நிரப்பும். புரோகிராம் சட்டென்று முடிந்துவிட்டால் அந்த நிரப்பல் நம்மை நன்றாக ஏமாற்றும். இன்னொன்று, எந்த வரியில் நேரம் போகிறது என்று காட்டும் பெர்ஃப் ரெக்கார்ட் போட்டால் குற்றம் செய்த வரிக்குப் பதிலாக அதற்கு அடுத்த ஓரிரு வரிகள் மாட்டிக்கொள்ளும், ஸ்கிட் என்பார்கள். புதியவர்கள் அந்த அப்பாவி வரியைத் திருத்திக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்திருப்பார்கள். 2014-இல் இன்டெலின் அகமத் யாசின் எழுதிய டாப் டவுன் முறை இங்கே பெரிய உதவி: முதலில் பிராசஸர் எங்கே காத்துக் கிடக்கிறது, கட்டளை வந்து சேராமலா, டேட்டா வராமலா, தப்பான ஊகத்தாலா என்று பிரித்துவிட்டுத்தான் உள்ளே இறங்கச் சொல்கிறது. மருத்துவர் நாடி பார்ப்பது போன்ற வேலை, பொறுமைதான் முதல் தகுதி. ஒரே புரோகிராமைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறாள் என்று நீங்கள் குறை சொன்னீர்களே அம்மா, அந்தக் குணத்துக்குத்தான் இங்கே சம்பளம்.

டேட்டாபேஸ், பிரவுசர், கேம் இன்ஜின், சிப் தயாரிப்பு, கிளவுட் என்று எங்கும் இந்த ஆட்கள் தேவைப்படுகிறார்கள். மாமா சொல்லும் செயற்கை நுண்ணறிவிலும்தான், சாட்ஜிபிடி போன்றவற்றின் உள்ளே இருக்கும் பெரிய மொழி மாதிரிகள் பதில் சொல்லும்போது பல நேரம் கணக்குப் போடுவதைவிட மெமரியிலிருந்து எண்களைக் கொண்டுவருவதில்தான் தாமதமாகின்றன. ஒன்றையும் மறைக்க மாட்டேன்: படித்து முடித்தவுடன் இந்தப் பெயரில் முதல் வேலை கிடைப்பது அரிது. சாதாரண புரோகிராமராகச் சேர்ந்து, மற்றவர்கள் ஸ்லோ ஸ்லோ என்று கைவிரிக்கும் இடத்தில் ஏன் என்று எண்ணோடு காட்டி, அப்படித்தான் உள்ளே வருவார்கள். இரண்டு மூன்று வருடம் ஆகலாம்.

இப்போது பணம். இங்கே நான் வளைந்துகொடுக்க மாட்டேன். வீட்டை அடமானம் வைக்காதீர்கள். இந்த வழிக்கு கம்ப்யூட்டர் சயின்ஸோ எலக்ட்ரானிக்ஸோ, கட்டணம் குறைந்த கல்லூரியில் எது கிடைத்தாலும் போதும். பெர்ஃப் இலவசம், அதே மாதிரி அளக்கும் கருவிகளான இன்டெலின் விடியூன் இலவசம், ஏஎம்டியின் யூப்ராஃபும் இலவசம். புது லேப்டாப்பும் வேண்டாம். பழையதிலேயே லினக்ஸை நேரடியாகப் போட்டுக்கொள்ளட்டும், விண்டோஸுக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் போல ஓடும் விர்ச்சுவல் மெஷினுக்குள் போட்டால் பல சமயம் இந்தக் கவுண்டர்கள் கண்ணிலேயே படாது. மாமா அக்கறையோடுதான் சொல்கிறார், சந்தேகமில்லை. ஆனால் கடனைக் கட்டப்போவது நீங்கள், நான்கு வருடம் வகுப்பில் உட்காரப்போவது அவள். அந்தக் கையேட்டை நீட்டி, இதில் உனக்குப் பிடித்த பாடம் எது என்று அவளிடம் கேட்டேன். புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஐந்தாம் பருவத்தில் விருப்பப்பாடமாக ஒளிந்திருந்த கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சரில் விரலை வைத்தாள். அது ஒன்றுதான்.

அதனால் இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பக்கத்தில் இருக்கும் மூன்று கல்லூரிகளின் பாடத்திட்டத்தை வாங்குங்கள். கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சரும் ஆபரேட்டிங் சிஸ்டமும் கட்டாயப் பாடமா, அவற்றுக்கு லேப் உண்டா என்று பாருங்கள். லேபில் லினக்ஸ் இருக்கிறதா என்று அவளையே நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். அந்தத் தனியார் கல்லூரிக்கு முன்பணம் இன்னும் கட்டவில்லை என்றீர்கள். கட்டாதீர்கள்.