எல்லை கடக்கும் லொறிக்காரர் கேட்டவை

ரொறன்ரோவிலிருந்து சிக்காகோவுக்கு லோட் கொண்டுபோகிறேன். திரும்பும்போது சிக்காகோவில் ஏற்றி டிட்ரோயிட்டில் இறக்க ஒரு புரோக்கர் நல்ல காசு சொல்கிறார். வழியில்தானே, எடுக்கலாமா?

எடுக்க வேண்டாம். அமெரிக்காவில் ஏற்றி அமெரிக்காவிலேயே இறக்கினால் அது உள்ளூர் ஓட்டம். பி-1 என்ற வணிகப் பயணி நிலையில் நுழையும் கனேடியச் சாரதிக்கு அந்த உரிமை இல்லை. சிக்காகோவில் பாதி, டிட்ரோயிட்டில் பாதி ஏற்றி, இரண்டையும் எல்லைக்கு இந்தப் பக்கம், கனடாவின் வின்சருக்குக் கொண்டுவந்தால் குற்றமில்லை. அதிகாரி பார்ப்பது பில் ஒவ் லேடிங் என்ற சரக்குச் சீட்டில் இறக்குமிடம் எங்கே என்றுதான். ஏற்றியது இலினோய், இறக்குவது மிச்சிகன் என்று இருந்தால் கதை முடிந்தது. உடனடி நாடுகடத்தல் உத்தரவு விழுந்தால் 5 ஆண்டுத் தடை.

“எனக்குக் கிரீன் கார்ட் இருக்கே” என்பவர்களும் உண்டு. அது சாரதிக்குச் சரி. கனடாவில் பதிந்த வண்டிக்குச் சுங்க விதி தனி. காலியாக ஓடுவது வயிறெரிகிற காரியம்தான். அதனால் நான் போகிற லோட்டுக்கு விலை பேசும்போதே திரும்புகிற மைலையும் கணக்கில் போட்டுத்தான் பேசுவேன்.

அமெரிக்காவில் லொறிச் சாரதிகளுக்கு வைக்கும் ஆங்கிலப் பரிசோதனை கனேடியச் சாரதிகளுக்கும் உண்டா?

உண்டு. சாரதிக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்ற விதி பழையது. 2016இல் தளர்த்திவிட்டிருந்தார்கள். 2025 ஏப்ரலில் ட்ரம்ப் ஆணை பிறப்பித்தார். யூன் 25 முதல் தேறாதவரை அந்த இடத்திலேயே ஓட்ட விடாமல் நிறுத்துகிறார்கள். எங்கிருந்து வருகிறாய், என்ன ஏற்றியிருக்கிறாய் என்று கேட்பார்கள். போனில் மொழிபெயர்ப்புச் செயலியை நீட்டினால் ஏற்கமாட்டார்கள். பிறகு வீதிக் குறியீடுகள். வீட்டில் பிள்ளைகளை அதிகாரியாக்கிக் கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் இரக்கமே காட்டமாட்டார்கள்.

அமெரிக்காவின் இறக்குமதி வரி கூடினால் சரக்குக் குறையும் என்றார்கள். 2025 யூலையில் லொஸ் ஏஞ்சலிஸ் துறைமுகம் சாதனை படைத்ததே?

வரி எவ்வளவு என்பதைவிட எந்தத் தேதியில் என்பதுதான் லொறிக்காரரை ஆட்டிவைக்கிறது. ஏப்ரலில் சீனப் பொருள்களுக்கு 145 விழுக்காடு என்றதும் இறக்குமதியாளர்கள் ஓடர்களை நிறுத்தினார்கள். கப்பல் வந்துசேர வாரங்கள் ஆகும் என்பதால் அடி மேயில்தான் தெரிந்தது: அந்தத் துறைமுகத்தில் 20 அடிப் பெட்டிக் கணக்கில் 7 இலட்சத்துச் சொச்சம் கொன்ரெயினர்கள்தான். மே 14இல் 90 நாளுக்கு 30 விழுக்காடு என்று இறங்கியது. கெடு முடியுமுன் எல்லோரும் அள்ளினார்கள். யூலையில் 10 இலட்சம் தாண்டியது. மேயில் துறைமுகத்து லொறிக்காரர் வாசலில் காத்துக் கிடந்தார், லொறிக் கடன் தவணை காத்திருக்கவில்லை. யூலை எண்ணிக்கையை நம்பி இரண்டாவது வண்டி வாங்காதீர்கள். முந்திக்கொண்டு வந்த பெட்டி பிறகு இன்னொரு முறை வராது.

2025 ஓகஸ்டில் சாரதிகளுக்கு விசா நிறுத்தினார்களே, என்னையும் பிடிக்குமா?

நிறுத்தியது வணிக லொறிச் சாரதிகளுக்கான வேலை விசாக்களை. நீங்கள் கனேடியக் குடிமகன் என்றால், சரக்கு கொண்டுபோய் வர விசாவே தேவையில்லை. கனேடிய நிரந்தர வதிவிட அட்டையோடு இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு விசா வேண்டும். அவர் லோட் ஒப்புக்கொள்ளுமுன் குடிவரவுச் சட்டத்தரணியிடம் ஒருமுறை கேட்பது நல்லது.