"ஒரு மேட்ச் கையில் இருக்கு" என்று சொல்லும் முன்

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் இங்கிலீஷ் பிரீமியர் லீக் பார்ப்பவர்கள் ஆறு பேர். ஏப்ரல் பிறந்தால் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கச் சண்டைதான். நான் ஆர்சனல் ரசிகன். "எங்களுக்கு ஒரு மேட்ச் கையில் இருக்கு, மிச்சமெல்லாம் ஈஸி டீம்" என்று சொல்லிச் சொல்லியே இரண்டு வருடம் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தாகிவிட்டது. புள்ளி சமமானால் நேருக்கு நேர் மோதியதில் ஜெயித்த டீமுக்குத்தான் கோப்பை என்று ஒரு நண்பர் அடித்துப் பேசுகிறார். அது சரியா? கடைசி ஐந்தாறு வாரம் பட்டியலை எப்படிப் பார்த்தால் ஏமாறாமல் பேசலாம்?

பதில்:

முதலில் நண்பரின் வாதத்தை முடித்துவிடலாம். அவர் சொல்வது ஸ்பெயின் நாட்டு விதி. இங்கிலாந்தில் புள்ளி சமமானால் முதலில் கோல் வித்தியாசம் (அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்தது), அதுவும் சமமானால் அடித்த மொத்த கோல். இவை இரண்டிலும் பிரிக்க முடியாமல் போய், கோப்பையோ, ஐரோப்பியப் போட்டிக்கான இடமோ, தரமிறக்கமோ (கடைசி மூன்று அணிகள் கீழ் லீக்குக்கு இறங்குவது) அதில் தொங்கிக்கொண்டிருந்தால்தான் நேருக்கு நேர் மோதலில் எடுத்த புள்ளியைப் பார்ப்பார்கள். பிறகு அந்த இரண்டு ஆட்டத்திலும் எதிரி மைதானத்தில் அடித்த கோல். அதற்கும் மசியாவிட்டால் பொதுவான ஒரு மைதானத்தில் தனியாக ஒரு ஆட்டம். 1992இல் பிரீமியர் லீக் தொடங்கியதிலிருந்து கோப்பைக்காக அப்படி ஒரு ஆட்டம் நடந்ததே இல்லை.

ஆர்சனல்காரரான உங்களுக்கு இதில் ஒரு பழைய சொத்தும் உண்டு. 1989 மே 26, ஆன்ஃபீல்ட். லிவர்பூலை அவர்கள் மண்ணிலேயே இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால்தான் கோப்பை என்ற நிலை. இஞ்சுரி டைமில் மைக்கேல் தாமஸ் இரண்டாவது கோலை அடித்தார். இரு அணிக்கும் 76 புள்ளி, கோல் வித்தியாசமும் ஒரே 37. அடித்த கோல் 73க்கு 65 என்ற கணக்கில்தான் கோப்பை வடக்கு லண்டனுக்கு, உங்கள் ஆர்சனலுக்குப் போனது. நண்பர் மறுபடி ஆரம்பித்தால் இதை எடுத்து வையுங்கள்.

இனி உங்கள் உண்மையான பிரச்சினைக்கு வருகிறேன். ஏப்ரலில் பட்டியலைத் திறந்ததும் எல்லோரும் இடைவெளியைத்தான் பார்க்கிறார்கள். "எட்டுப் புள்ளி முன்னால் இருக்கோம்!" நான் முதலில் பார்ப்பது உச்சவரம்பை. துரத்துகிற அணி மிச்சமுள்ள அத்தனை ஆட்டத்தையும் ஜெயித்தால் எத்தனையில் போய் நிற்கும்? அந்த எண்ணைத் தாண்ட, முன்னால் இருக்கும் அணிக்கு இன்னும் எத்தனை புள்ளி வேண்டும்? ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் போட்டுவிடக்கூடிய கணக்கு. ஆனால் வாதத்தின் நிறமே மாறிவிடும்.

2012 ஏப்ரல் 8ஆம் தேதி இரவுப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். மான்செஸ்டர் யுனைடெட் 79, மான்செஸ்டர் சிட்டி 71. இருவருக்கும் தலா ஆறு ஆட்டம் பாக்கி. சிட்டி அன்றுதான் ஆர்சனலிடம் தோற்றிருந்தது. கதை முடிந்தது என்றுதான் உலகமே பேசியது. நானும் பேசினேன், அதற்கு ஒரு சாப்பாடு தண்டமும் கட்டினேன். உச்சவரம்புக் கணக்குப் போட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? சிட்டியின் உச்சம் 71 கூட்டல் 18, ஆக 89. அதைத் தாண்ட யுனைடெட்டுக்கு வேண்டியது 18 புள்ளியில் 11. மூன்று வெற்றி, இரண்டு டிரா. பெரிய விஷயமில்லைதான், ஆனால் "முடிந்துவிட்டது" என்று சொல்கிற அளவுக்குச் சின்ன விஷயமும் இல்லை. யுனைடெட்டுக்கு முதலில் விகன் அணியின் மைதானத்தில் 0-1 தோல்வி. ஆஸ்டன் வில்லாவை 4-0 என்று வென்றார்கள். எவர்ட்டனோடு சொந்த மைதானத்தில் 4-2 முன்னிலையில் இருந்து, கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டு கோல் வாங்கி 4-4. பிறகு சிட்டியிடம் கொம்பனி தலையால் அடித்த ஒரே கோலில் தோல்வி. கடைசி இரண்டும் வெற்றி. மொத்தம் 10. தேவை 11, கிடைத்தது 10. சிட்டியோ ஆறையும் ஜெயித்து 89இல் வந்து நின்றது. கடைசி ஆட்டத்தில் கியூபிஆர் அணிக்கு எதிராக சிட்டியின் அகுவேரோ 94ஆவது நிமிடத்தில் அடித்ததைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் கோப்பை எவர்ட்டன் ஆட்டத்தின் அந்தப் பத்து நிமிடத்திலேயே கைமாறத் தொடங்கிவிட்டது.

இந்த சீசனைப் பற்றி ஒரு கொசுறு, சாப்பாட்டு மேசைக்கு உதவும். கடைசியில் சிட்டி அடித்தது 93, வாங்கியது 29. யுனைடெட் அடித்தது 89, வாங்கியது 33. முந்தைய அக்டோபரில் யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் சிட்டி 6-1 என்று ஜெயித்திருந்தது. அந்த ஆட்டம் மட்டும் 1-0 என்று முடிந்திருந்தால்? சிட்டி 88-28. யுனைடெட்டும் 88-28. புள்ளி, வித்தியாசம், அடித்த கோல் எல்லாமே அச்சு அசலாக ஒன்று! இன்றைய விதிப்படி அப்போதுதான் உங்கள் நண்பரின் நேருக்கு நேர் கணக்குக்கு வேலை வந்திருக்கும். இரண்டு மோதலையும் ஜெயித்ததால் அதிலும் சிட்டிதான்.

அடுத்தது "கையில் ஒரு மேட்ச்", அதாவது போட்டி அணியைவிட ஒரு ஆட்டம் குறைவாக ஆடியிருப்பது. கையில் இருப்பது மேட்ச்தான், புள்ளி இன்னும் கைக்கு வரவில்லை. அந்த மேட்ச் ஏன் மிச்சம் விழுந்தது என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் அந்த அணி எஃப்ஏ கோப்பையிலோ வேறு கோப்பையிலோ ஆடப்போனதால் லீக் ஆட்டம் தள்ளிப்போயிருக்கும். தள்ளிப்போனதை வாரத்தின் நடுவே ஒரு செவ்வாயோ புதனோ செருகுவார்கள். மூன்று நாளுக்கு ஒரு ஆட்டம் என்று கால் சோர்ந்து கிடக்கும்போது வருகிற மேட்ச் அது.

1996 ஏப்ரல் 29 அன்று நியூகாசில் மேலாளர் கெவின் கீகன் டிவி நேரலையில் மான்செஸ்டர் யுனைடெட் மேலாளர் ஃபெர்குசன் மீது பொரிந்து தள்ளியதை எத்தனையோ முறை போட்டுக் காட்டியிருப்பார்கள். அந்தப் பேட்டியால்தான் நியூகாசில் சரிந்தது என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. பட்டியலைப் பார்த்தால் கதை வேறு. ஜனவரியில் 12 புள்ளி முன்னால் இருந்த அணி, அந்த இரவில் லீட்ஸை ஜெயித்த பிறகும் 76இல் இருந்தது. யுனைடெட் 79. நியூகாசிலுக்குக் கையில் ஒரு மேட்ச், ஆனால் கோல் வித்தியாசத்தில் யுனைடெட் மேலே. அதாவது பேட்டிக்கு முன்பே முன்னிலை பறிபோயிருந்தது. அந்தக் கையிலிருந்த மேட்ச் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் மைதானத்தில் 1-1 என்று முடிந்தது. கடைசி நாள் டாட்டன்ஹாமோடு மறுபடி 1-1. மனோதத்துவம் பேச ஆசைப்படுகிறவர்களிடம் தேதியை வைத்துப் பேசுங்கள், பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள்.

அந்த மேட்ச் சில சமயம் முழு மூன்று புள்ளியாகவும் மாறும். 2024 மே 14இல் ஆர்சனல் 37 ஆட்டத்தில் 86. சிட்டி 36 ஆட்டத்தில் 85, அன்று டாட்டன்ஹாம் மைதானத்தில் ஆட்டம். டாட்டன்ஹாமுக்கு நான்காவது இடத்துக்கு உயிர்த்தண்ணீர் அந்த வெற்றி. தோற்றால் அந்த இடம் வில்லாவுக்கு. ஆனால் டாட்டன்ஹாம் ஜெயித்தால் பரம எதிரி ஆர்சனலுக்குக் கோப்பை கிடைத்துவிடலாமே! சொந்த ரசிகர்களில் ஒரு பகுதியினரே தங்கள் அணி தோற்கட்டும் என்று நினைத்தார்கள், மேலாளர் போஸ்டகோக்லூ அதில் எரிச்சலானார். 86ஆவது நிமிடத்தில் டாட்டன்ஹாமின் சோன் தனியாக ஓடிவந்து அடித்ததை, காயமடைந்த சிட்டி கோல்கீப்பர் எடர்சனுக்குப் பதிலாக வந்திருந்த ஓர்டேகா காலால் தடுத்தார். 2-0 என்று ஜெயித்து சிட்டி 88. இதை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது "ஈஸி டீம்". வாதத்தில் அதிகம் பேர் கவிழ்வது இங்கேதான். ஏப்ரல், மே மாதங்களில் எதிரணியின் இடத்தைப் பார்ப்பதைவிட அதன் தேவையைப் பார்ப்பது மேல். 2012இல் யுனைடெட்டை 1-0 என்று வென்ற விகன் கீழ்வரிசையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த அணி. அதற்கு முன் ஒரு முறைகூட யுனைடெட்டை ஜெயித்ததில்லை. ஐந்தே நாளில் ஆர்சனலையும் அவர்கள் மைதானத்திலேயே 2-1 என்று சாய்த்தது. அந்த சீசனின் கடைசி ஒன்பது ஆட்டத்தில் ஏழை ஜெயித்து 43 புள்ளியோடு தப்பியது. பட்டியலில் அது கீழே இருந்ததைப் பார்த்து "மூன்று புள்ளி நிச்சயம்" என்று எழுதியவர்கள் எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள்.

நேர்மாறான உதாரணம் 2025 லிவர்பூல். ஏப்ரல் 27இல் டாட்டன்ஹாமை 5-1 என்று வென்று, நான்கு ஆட்டம் மிச்சமிருக்கும்போதே கோப்பையை உறுதி செய்தார்கள். அடுத்த வாரம் செல்சி மைதானத்தில் எதிரணி வீரர்கள் இருபுறமும் வரிசையாக நின்று கைதட்டி, சாம்பியன்களை உள்ளே அழைத்துவந்தார்கள். மரியாதை முடிந்ததும் 3-1 என்று தோற்கடித்து அனுப்பினார்கள். கடைசி நான்கு ஆட்டத்தில் லிவர்பூல் எடுத்தது இரண்டே புள்ளி. ஐரோப்பிய இடத்துக்கு அடித்துக்கொண்டிருந்த செல்சிக்கு மே மாதத்தில் சாம்பியன் அணியே சுலபமான எதிரியாக அமைந்தது.

இதை அப்படியே சூத்திரமாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். அதே வருடம் சவுத்தாம்ப்டன் ஏழு ஆட்டம் பாக்கியிருக்கும்போதே தரமிறங்கிவிட்டது. இனி இழக்க என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். இருந்தது, மானம். 2007-08இல் டெர்பி கவுன்ட்டி எடுத்த 11 புள்ளிதான் பிரீமியர் லீக்கின் மிகக் குறைந்த கணக்கு, சவுத்தாம்ப்டனும் அதே 11இல் நின்றது. மே 10 அன்று சிட்டியோடு 0-0 என்று கல்லாக நின்று 12 ஆக்கிக்கொண்டார்கள். ஆகவே ஒரு அணியைக் கழித்துக்கட்டும் முன் அதற்கு ஏதாவது ஒரு சின்ன ரோஷம் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கீழ்வரிசையைப் பற்றிச் சுருக்கமாக. "40 புள்ளி எடுத்தால் பாதுகாப்பு" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். 2003இல் வெஸ்ட் ஹாம் 42 எடுத்தும் இறங்கியது. 2024இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், நிதி விதி மீறலுக்கு நான்கு புள்ளி வெட்டப்பட்டு, 32இல் தப்பியது. 2025இல் 18ஆம் இடத்து லெஸ்டர் எடுத்ததே 25தான். 40 என்பது பழக்கதோஷத்தில் சொல்வது. அந்தந்த வருடத்து 18ஆம் இடத்தின் உச்சவரம்பைப் பாருங்கள், மேலே போட்ட அதே கணக்குத்தான்.

ஐரோப்பாவின் முன்னணி கிளப்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக்குக்கான இடங்கள்தான் இப்போது கொஞ்சம் வழுக்கும். முதல் நான்கு இடம் நிச்சயம். ஐரோப்பிய போட்டிகளில் அந்தந்த வருடம் எந்த இரண்டு நாட்டு கிளப்கள் சிறப்பாக ஆடுகின்றனவோ, அந்த நாடுகளுக்கு ஐந்தாவதாக ஒரு இடம் கூடும். 2025இல் அது இங்கிலாந்துக்குக் கிடைத்தது. அதனால் கடைசி நாள் எவர்ட்டனிடம் தோற்ற நியூகாசில் ஐந்தாவதாக உள்ளே போனது. ஓல்ட் டிராஃபோர்டில் 2-0 என்று தோற்ற வில்லாவுக்கும் அதே 66 புள்ளி, ஆனால் கோல் வித்தியாசம் நியூகாசிலுக்கு 21, வில்லாவுக்கு 7. ஆட்டம் 0-0 என்றிருந்தபோது வில்லாவின் மார்கன் ரோஜர்ஸ் பந்தை வலைக்குள் தள்ளினார். அதற்குள் நடுவர் ஃபவுல் என்று விசில் ஊதியிருந்தார். விசில் முதலில் வந்துவிட்டால் விஏஆர் (வீடியோ பார்த்துச் சரிபார்க்கும் நடுவர்) எட்டிக்கூடப் பார்க்க முடியாது. வில்லா ரசிகரிடம் இந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பது நல்லது.

கடைசி நாளில் பத்து ஆட்டமும் ஒரே நேரத்தில் தொடங்கும். அங்கே ஞாயிறு மாலை நான்கு மணி என்றால் நமக்கு இரவு எட்டரை. ஒருவருக்கு ஒருவர் முடிவு தெரியாமல் ஆடவேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. ஆனால் மற்ற ஆட்டங்களின் செய்தி கேலரியில் இருக்கும் ரசிகர்களின் போன் வழியாக மைதானத்துக்குள் வந்துவிடும். இங்கே செயலியில் பார்ப்பவர்களுக்குப் படம் அரை நிமிடமாவது பின்தங்கித்தான் வரும். அலுவலக வாட்ஸ்அப் குழுவை அன்றிரவு மட்டும் மியூட்டில் போட்டுவிடுங்கள், கேபிள் டிவி வைத்திருப்பவர் கோல் என்று கத்துவது உங்கள் திரைக்கு முன்னால் வந்து சேரும்.

பிரியாணிப் பந்தயத்துக்கு ஒரே ஒரு திருத்தம் சொல்கிறேன். "யார் ஜெயிப்பார்கள்" என்று கட்டாதீர்கள். ஏப்ரல் முதல் வாரம் ஒரு தாளில், முன்னால் இருக்கும் அணிக்கு மிச்ச ஆட்டங்களில் எத்தனை புள்ளி வரும் என்று ஆளுக்கொரு எண் எழுதி மடித்து வையுங்கள். மே கடைசியில் பிரித்து, உண்மையான எண்ணுக்குப் பக்கத்தில் வந்தவருக்குச் சாப்பாடு. அப்போது ஆர்சனல் ரசிகரும் ஜெயிக்க வாய்ப்புண்டு.