95 சதவீதம் சரி என்கிறது ஐடி, உதவாது என்கிறது செக்கிங்

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறோம். துணிப் பழுதைக் கேமராவில் பிடிக்க எங்கள் ஐடி பிரிவு ஒரு ஏஐ மாடல் செய்திருக்கிறது. 95 சதவீதம் சரியாகச் சொல்கிறதாம். செக்கிங் பிரிவு ஏற்கவில்லை. இவர்களை எப்படி ஒத்துப்போக வைப்பது?

பதில்: இரு தரப்பும் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். 1,000 படங்களில் 20-ல்தான் பழுது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு எல்லாமே நல்ல துணி என்றாலே 98 சதவீதம் வந்துவிடும்! 95 வாங்கிய மாடலோ 16 பழுதைப் பிடித்து, 4-ஐ விட்டுவிட்டு, 46 நல்ல படங்களுக்கு அலாரம் அடித்திருக்கலாம். 62 அலாரத்தில் 46 வெட்டி அலாரம் என்றால், செக்கர் இரண்டாம் நாளே அதை அணைத்துவிடுவார்.

அதனால் சதவீதப் பேச்சை நிறுத்துங்கள். 100 ரோலுக்குத் தப்பிய பழுது எத்தனை, வெட்டி அலாரம் எத்தனை என்று மட்டும் கேளுங்கள். எதுவரை தாங்கலாம் என்று முடிவு செய்ய வேண்டியவர் உற்பத்தி மேலாளர். ஓர் ஓட்டை கட்டிங்கையும் தாண்டித் தையலில் தெரிந்தால் என்ன நஷ்டம் என்பது அவருக்குத்தான் தெரியும்.

கேமராவை எங்கே வைப்பது என்பதும் அவர் முடிவுதான். ஊசிக்கோடு (கெட்ட ஊசியால் துணி நீளத்துக்கு விழும் கோடு) நிட்டிங் மெஷினிலேயே தெரிந்தால் நிறுத்தி ஊசியை மாற்றலாம். செக்கிங்கில் தெரிந்தால் ரோலே ஓடி முடிந்திருக்கும்.

பெரும்பாலும் சண்டையின் வேர் இன்னொன்று. ஐடி மாடல் பழுது உண்டு, இல்லை என்று மட்டும் சொல்லும். செக்கிங்குக்கு வேண்டியது பாயின்ட், அதாவது பழுதின் அளவுக்கேற்பப் போடும் குறை மதிப்பெண். நான்கு பாயின்ட் முறையில் 3 அங்குலம் வரையுள்ள பழுதுக்கு 1, 6 வரை 2, 9 வரை 3, அதற்கு மேல் 4. ஓட்டைக்குத் தனிக் கணக்கு: 1 அங்குலம் வரை 2, தாண்டினால் 4. எத்தனை பழுது இருந்தாலும் ஒரு கஜத்துக்கு 4-க்கு மேல் போடுவதில்லை. 100 சதுர கஜத்துக்கு 40 பாயின்ட் என்பது பரவலான வரம்பு. உங்கள் பையர் இன்னும் குறைத்துக் கேட்கலாம். ஆக, மாடல் பழுதின் நீளத்தையும் அளந்து சொல்ல வேண்டும். இதை முதல் வாரமே சொல்லியிருந்தால் கேமரா உயரம், லென்ஸ் எல்லாம் வேறாக இருந்திருக்கும்.

இப்போதைக்கு ஒரு வேலை செய்யுங்கள். 200 படங்களை இரண்டு செக்கர்களிடம் தனித்தனியாகக் கொடுத்துப் பழுதைக் குறிக்கச் சொல்லுங்கள். லேசான எண்ணெய்க் கறையிலும் மங்கலான ஷேடு பட்டையிலும் இருவரும் முரண்படுவார்கள். மனிதர்களே ஒத்துப்போகாத இடத்தில் மாடலைக் குறை சொல்ல முடியாது. அந்தப் படங்களை மட்டும் ஐடி ஆட்களோடு உட்கார்ந்து பார்த்து விதியை எழுதிவையுங்கள்.

சோதனைப் படங்கள் புது ரோல்களிலிருந்து வரட்டும். பயிற்சிக்கு எடுத்த ரோலிலேயே சோதித்தால் மதிப்பெண் பொய்யாக ஏறும். வெள்ளைத் துணியில் பழகியது நேவி புளூவிலும் மெலஞ்சிலும் (நிறம் கலந்த நூல் துணி) தடுமாறும். அவற்றில் தப்பிய பழுதையும் வெட்டி அலாரத்தையும் தனியாக எண்ணுங்கள்.

பிறகு இரண்டு வாரம் மாடல் செக்கருக்குப் பக்கத்தில் சும்மா ஓடட்டும், முடிவு செக்கருடையது. “இது பழுதில்லை” என்று சொல்ல அவருக்கு ஒரு பட்டன் வேண்டும். கம்ப்யூட்டரில் டைப் செய்யச் சொன்னால் யாரும் செய்யமாட்டார்கள். இன்ஸ்பெக்‌ஷன் மெஷினை நிறுத்தும் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.